பல்லில் பூச்சியா? ராத்திரியும் பல் தேய்ப்போம்!



குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: "புள்ளைக்குப் பல்லுல பூச்சி விழுந்திருக்கு. பால்பல்லுதான, விழுந்து முளைச்சிரும்லா!" நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் கடைவாய்ப் பால்பல் விழ 10, 12 வயசாகும். அதுவரை பிள்ளை வலியோடு எப்படிச் சாப்பிடும், எப்படிப் படிக்கும்?

பல்லில் பூச்சி எதுவும் கிடையாது. அல்வா, மிட்டாய், பிஸ்கட் எல்லாம் பல்லில் ஒட்டிக்கொள்ளும். வாயிலுள்ள கிருமிகள் அதைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அமிலம் பல்லை அரித்துக் குழி போடும். தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரப்பதால் அரிப்பு அதிகம். சாயந்தரம் நெல்லையப்பர் கோயில் பக்கம் வாங்கிய அல்வாவைத் தின்றுவிட்டு அப்படியே படுத்தால் என்னாகும்? யோசித்துப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

* காலையிலும், படுக்கும் முன்பும் புளோரைடு உள்ள பேஸ்ட்டால் 2 நிமிடம் தேய்க்க வேண்டும். 3 வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், 6 வயது வரை பட்டாணி அளவு போதும். சின்னப் பிள்ளைகளுக்கு நாமே தேய்த்துவிட வேண்டும்.
* செங்கல் பொடி, கரி, மணல் வேண்டாம். பல் தேய்ந்துவிடும்.
* பால் பாட்டிலை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்கவிடாதீர்கள்.
* 6 வயதில் கடைவாயில் புதிதாக முளைப்பது பால்பல் அல்ல. அது போனால் திரும்ப முளைக்காது.

பல்லில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் உடனே ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை பல் பிரிவில் காட்டுங்கள். வலி வந்த பிறகு கடன் வாங்கி வைத்தியம் பார்ப்பதைவிட, ராத்திரி 2 நிமிடம் ஒதுக்குவது லாபம்தானே!