முதுகில் கத்தி வைக்குமுன்

நம் இல்லங்களில் எவருக்கேனும் முதுகுவலி கண்டால், ஆளுக்கோர் ஆலோசனை கூறக் கேட்கிறோம். "ஆபரேஷன் செய்தால் தீர்ந்துவிடும்" என்பார் ஒருவர். "கத்தி பட்டால் படுத்த படுக்கைதான்" என்பார் மற்றொருவர். இரண்டும் முழு உண்மையல்ல.

அமெரிக்க நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1944இல் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்தும் அவருக்கு வலி நீங்கவில்லை. 1954 அக்டோபரில் நியூயார்க் நகரில் உலோகத் தகடு பொருத்தி முதுகெலும்பை இணைத்தனர். அடிசன் நோய் என்னும் சுரப்பிக் குறைபாடு அவருக்கு இருந்தமையால், ஆபத்து மிகுதி என மருத்துவர் சிலர் முன்னரே எச்சரித்திருந்தனர். சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றி அவர் நினைவிழந்தார். குருவானவர் வந்து அவஸ்தைப்பூசுதல் அளித்தார். உயிர் பிழைத்தும் புண் ஆறவில்லை. 1955 பிப்ரவரியில் தகட்டை அகற்ற மீண்டும் ஓர் அறுவை, 1957இல் இன்னும் ஒன்று! செல்வமும் சிறந்த மருத்துவர்களும் வாய்த்தவருக்கே இந்நிலை. 1961இல் ஹான்ஸ் கிராஸ் என்னும் மருத்துவர் கற்பித்த உடற்பயிற்சிதான் அவருக்குப் பெரிதும் ஆறுதல் தந்தது.

இன்று சிறு கீறலும் நுண்ணோக்கியும் ஆபத்தைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆயினும் அது அறவே நீங்கிவிடவில்லை. கிருமி தொற்றலாம், நரம்புறை கிழிந்து நீர் கசியலாம், நரம்பு காயமுறலாம், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைக்கலாம். எலும்புகளை இணைத்தால், அடுத்துள்ள டிஸ்க்குகள் மிகுதியான பாரம் சுமந்து நாளடைவில் தேயலாம். நீரிழிவு உடையோருக்குப் புண் ஆறுவது கடினம். புகைபிடிப்போருக்கு எலும்பு எளிதில் ஒட்டுவதில்லை. இவற்றை மருத்துவரிடம் மறைப்பது பேதைமை.

இன்னொன்றையும் நோயாளிக்கு யாரேனும் விளங்கச் சொல்லவேண்டும். அறுவை நன்றாக முடிந்த பின்னும் வலி நிற்காமற் போகலாம். நரம்பு நசுங்கிக் காலில் இறங்கும் வலிக்குக் கத்தி உதவுவதுபோல், காரணம் புலப்படாத வெறும் முதுகுவலிக்கு அது உதவுவதில்லை. ஸ்கேன் படத்தில் தெரியும் தேய்மானம் வலியே இல்லாத முதியோர் பலரிடமும் உண்டு. "என் வலிக்குக் காரணம் இதுதானா? பொறுத்திருந்தால் என்ன ஆகும்?" என்று மருத்துவரைக் கேட்க நாம் ஏன் கூசவேண்டும்? வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் அவமதிப்பாகாது. டிஸ்க் பிதுங்கியதால் வரும் கால்வலி பலருக்குச் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், தானே தணிகிறது.

ஆனால், சிறுநீர் திடீரென அடைபட்டாலும், அடக்க இயலாமற் போனாலும், தொடையிடுக்கு மரத்துப் போனாலும், கால்கள் வலுவிழந்தாலும் பொறுத்திருத்தல் தகாது. பொழுது விடியட்டும் என்று பாராமல் நோயாளியை உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.