மோட்டார் பந்தயப் பொறியாளராக வெளிநாடு செல்ல விருப்பமா? விமானம் ஏறும் முன் செய்ய வேண்டியவை என்ன?

பிச்சாட்டூர் (ஆந்திரா): ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில் ஆரணியாற்று அணையை ஒட்டி அமைந்துள்ள பிச்சாட்டூரிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னை செல்லும் பேருந்துகள், செங்குன்றத்தை அடைவதற்கு முன் சோழவரம் பகுதியைக் கடக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கு உள்ளது. தென்னிந்தியாவின் மோட்டார் பந்தயங்கள் பல பத்தாண்டுகள் நடைபெற்ற இடம் அதுவே.

அந்தச் சாலையில் கல்லூரிக்குச் சென்றுவரும் மாணவர் ஒருவர், பந்தயக் கார்களை வடிவமைக்கும் பொறியாளராக வேண்டும் என விரும்பினால், அவர் முதலில் தேடுவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியலாகவே இருக்கும். ஆனால் எங்கே படிப்பது என்பதைவிட, எதை முதலில் செய்வது என்பதே இத்துறையில் முக்கியமான கேள்வி. வங்கிக் கடனை நம்பி மகனையோ மகளையோ அனுப்பும் குடும்பத்துக்கு இந்த வரிசை மாறினால் ஏற்படும் இழப்பு பெரிது.

பட்டம் மட்டும் போதாதது ஏன்?

பந்தய அணி என்பது ஓட்டுநரோடு முடிவதில்லை. ஃபார்முலா 1 அணி ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டுநர்களுக்குப் பின்னால் பல நூறு பேர் பணியாற்றுகின்றனர். காற்றியக்கவியல், வாகன இயக்கவியல், கார்பன் இழைப் பாகங்களின் வலிமைக் கணக்கீடு, மின்னணுவியல், எஞ்சின், உற்பத்தி, தரவுப் பகுப்பாய்வு எனப் பிரிவுகள் பல. எனவே பொதுவாக ‘பந்தயப் பொறியாளர்’ என்ற ஒரே பணிக்கு ஆள் எடுக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட ஒரு பிரிவில் என்ன செய்யத் தெரியும் என்பதே நேர்காணலில் கேட்கப்படுகிறது.

கூடவே, கார் வார இறுதியில் ஓடியே ஆக வேண்டும். தாமதத்துக்கு இடமில்லாத இச்சூழலில், உடைந்த பாகத்தை மறுநாள் காலைக்குள் சரிசெய்த அனுபவம் உள்ளவருக்கே முன்னுரிமை கிடைக்கிறது. அந்த அனுபவத்தை வகுப்பறையில் மட்டும் பெற முடியாது.

மாணவர் கார் எனும் முதல் பட்டறை

அந்த அனுபவத்துக்காகவே உருவானது ஃபார்முலா ஸ்டூடண்ட் எனப்படும் மாணவர் கார் போட்டி. 1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய இப்போட்டி, 1998-இல் பிரிட்டனுக்கும் 2006-இல் ஜெர்மனிக்கும் வந்தது. இந்தியாவில் ஃபார்முலா பாரத் போட்டி கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே களத்தில் நடத்தப்படுகிறது. ஐஐடி மெட்ராஸின் ‘ரஃப்தார்’ உள்ளிட்ட பல கல்லூரி அணிகள் இதில் பங்கேற்றுள்ளன.

போட்டியின் மொத்த மதிப்பெண் 1,000. வேகத்துக்கு மட்டுமன்றி, வடிவமைப்பை நடுவர்களிடம் விளக்குவது, செலவுக் கணக்கு, வணிகத் திட்டம் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. பெட்ரோல் கார்களில் 710 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினைப் பயன்படுத்தக் கூடாது. எஞ்சினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் செல்ல வேண்டும். இறுதியில் சுமார் 22 கிலோமீட்டர் தொலைவுக்கான தாக்குப்பிடிப்புச் சோதனை நடைபெறும். அழகாக வடிவமைக்கப்பட்ட கார்கள் பல, எண்ணெய்க் கசிவாலோ ஒரு சிறிய மின்கம்பியாலோ இச்சோதனையில் நின்றுவிடுவதுண்டு.

அந்தத் தோல்வியும் வீணாவதில்லை. எந்தப் பாகம் ஏன் உடைந்தது, மறுமுறை என்ன மாற்றப்பட்டது, அதனால் எவ்வளவு எடை கூடியது என்பதை அளவுகளுடன் எழுதி வைத்திருக்கும் மாணவரிடம், எந்த நாட்டின் நேர்காணலிலும் பேசுவதற்குப் பொருள் இருக்கும்.

கல்லூரியில் அணி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பிச்சாட்டூரிலிருந்து ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் வழியாகத் தெற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயக் களம் உள்ளது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமான இக்களத்தில் தேசியப் போட்டிகள் நடைபெறுகின்றன. களப் பாதுகாப்புப் பணி, வாகனங்களின் தொழில்நுட்பச் சோதனை ஆகியவற்றில் உதவியாளராகத் தொடங்குவது, பந்தயத்தை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பைத் தரும்.

கோவை காட்டிய முன்னுதாரணம்

இந்த வரிசைக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ்.கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தப் பிரிவு, குறைந்த செலவில் பலரைப் பந்தயத்துக்குள் கொண்டுவந்தது. அவர் 1995-இல் காலமானார்; செட்டிப்பாளையம் களம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அதே நகரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 1992-இல் பிரான்சில் உள்ள பந்தயப் பள்ளியில் பயிற்சி பெற்றார். பின்னர் இந்தியா திரும்பி ஃபார்முலா மாருதி கார்களை ஓட்டிய அவர், பிரிட்டனில் பல ஆண்டுகள் போட்டியிட்டு, 2005-இல் ஜோர்டான் அணியின் மூலம் முதல் இந்திய ஃபார்முலா 1 ஓட்டுநரானார். ஓட்டுநருக்கு உதவிய அதே உள்ளூர் அடித்தளம் பொறியாளருக்கும் தேவைப்படுகிறது.

எங்கே படிக்கலாம்?

ஃபார்முலா 1 அணிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் உள்ளன. பிராக்லியில் மெர்சிடிஸ், மில்டன் கீன்ஸில் ரெட் புல், வோக்கிங்கில் மெக்லாரன், குரோவில் வில்லியம்ஸ், சில்வர்ஸ்டோனில் ஆஸ்டன் மார்ட்டின் என அவை அமைந்துள்ளன. ஃபார்முலா இ மின்சாரக் கார் பந்தயத்தில் பங்கேற்கும் இந்தியாவின் மஹிந்திரா அணியின் தளமும் பான்பரியில்தான் உள்ளது. இப்பகுதிகளுக்கு அருகில் உள்ள கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகங்களில் மோட்டார் பந்தயப் பொறியியலில் முதுகலைப் படிப்புகள் உள்ளன.

இத்தாலியில் போலோனியா, மொடேனா உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் ஃபெராரி, லம்போர்கினி, டுகாட்டி, டல்லாரா போன்ற நிறுவனங்களுடன் இணைந்து 2017-இல் ‘மூனர்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. இதன் ஈராண்டு முதுகலைப் படிப்புகள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். இவ்விரு நாடுகளிலும் பட்டறையில் பணியாற்ற உள்ளூர் மொழி அவசியம்.

விசா விதிகளில் கவனிக்க வேண்டியவை

பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்போர் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை மட்டுமே ஊதியப் பணி செய்யலாம். சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. சிறிய பந்தய அணிகள் வார இறுதிப் பணிகளை ஒப்பந்த அடிப்படையில் வழங்குவது வழக்கம் என்பதால், இந்த விதியை அறியாமல் பணியை ஏற்பது விசாவுக்கே ஆபத்தாக முடியும். மேலும், சில பொறியியல் முதுகலைப் படிப்புகளில் சேர இந்தியர்கள் ‘ஏடாஸ்’ எனப்படும் பாதுகாப்பு ஒப்புதலையும் முன்கூட்டியே பெற வேண்டும்.

படிப்பு முடிந்த பின் பெறும் பட்டதாரி விசாவின் காலம் இரண்டு ஆண்டுகளாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதங்களாகக் குறைக்கப்படுகிறது. முனைவர் பட்டம் பெற்றோருக்கு மட்டும் மூன்று ஆண்டுகள். இந்த விசாவில் சுயதொழில் செய்யலாம்.

அதன்பின் தங்கிப் பணியாற்றத் திறன்மிகு பணியாளர் விசா தேவை. 2025 ஜூலை 22 முதல் இதற்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 41,700 பவுண்ட். பட்டதாரி விசாவிலிருந்து மாறுவோர் போன்ற புதியவர்களுக்கு இது 33,400 பவுண்ட். எனினும் பணிக்கேற்ப இத்தொகை உயரலாம். பணியளிக்கும் நிறுவனத்திடம் வெளிநாட்டவரை அமர்த்துவதற்கான அரசு உரிமம் இருப்பதும் கட்டாயம். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசு இணையத்தில் வெளியிடுகிறது. விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்ப்பது பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவின் பல பந்தயத் தொடர்கள் வசந்த காலத்தில் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடிகின்றன. பிரிட்டனின் ஓராண்டு முதுகலைப் படிப்பும் செப்டம்பரில் முடிகிறது. பட்டம் பெற்ற பின் வேலை தேடத் தொடங்குபவர், பருவம் முடியும் நேரத்தில் கதவைத் தட்டுகிறார். எனவே சேர்ந்த முதல் மாதங்களிலேயே தேடலைத் தொடங்குவது நல்லது.

கடன் கணக்கு

இந்திய வங்கிகளின் கல்விக் கடனில் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் சொத்துப் பிணை கேட்கப்படுகிறது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்த பின் தவணை தொடங்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே சேரும். பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

18 மாத விசாவுடன் இதை ஒப்பிட்டால் நிலைமை தெளிவாகும். விசா முடிய ஏறத்தாழ ஆறு மாதங்கள் இருக்கும்போதே தவணை தொடங்கிவிடும். அதற்குள் ஊதியம் வராவிட்டால் சுமை பிணை வைத்த வீட்டின் மீதோ நிலத்தின் மீதோ விழும்.

திரும்பி வந்தால் என்ன?

இதனால்தான் பந்தயத்துக்கு வெளியேயும் பயன்படும் திறனைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. 2026-ஆம் ஆண்டுக்கான ஃபார்முலா 1 விதிகளின்படி காரின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி மின்சாரத்திலிருந்து வருகிறது. பேட்டரி, மின் மோட்டார் கட்டுப்பாடு, தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றைக் கற்றவரைப் பந்தய அணியும் ஏற்கும், வாகன ஆலையும் ஏற்கும்.

பிச்சாட்டூருக்கு அருகில் சத்தியவேடு பகுதியில் உள்ள ஸ்ரீசிட்டியில் இசுசு வாகன ஆலை இயங்குகிறது. ஓசூரில் டிவிஎஸ் நிறுவனம் 1982 முதல் தனிப் பந்தயப் பிரிவையே நடத்தி வருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன.

ஆகவே இளநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே மாணவர் கார் அணியில் சேர்வது, ஒரு பிரிவில் தேர்ச்சி பெறுவது, களத்தில் பணியாற்றுவது, அதன்பின் விசாவையும் கடனையும் கணக்கிட்டு விண்ணப்பிப்பது என்பதே ஏற்ற வரிசை. இந்த வரிசையில் செல்பவருக்கு வெளிநாட்டு வாய்ப்பு தாமதமானாலும், கற்ற தொழில் கைவசம் இருக்கும். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நாட்டு அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைச் சரிபார்ப்பது அவசியம்.