பாஸ்தாவும் பாம்பன் கடலும்

"பாஸ்தா வேகுற தண்ணி கடல் தண்ணி மாதிரி உப்பா இருக்கணும்" என்று இத்தாலியச் சமையல்காரர்கள் சொல்வதுண்டு. ராமேஸ்வரத்துக்காரர் யாரும் இதை நம்பமாட்டார். நான் நம்பினேன், ஒரு சட்டி பாஸ்தா வீணாப் போச்சு.

கணக்கைப் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாஸ்தாவுக்கு 10 கிராம் போதும். ராமநாதபுரம் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரே கரிக்கும். அதனால முதல்ல தண்ணியை ருசி பாருங்க, அப்புறம் உப்பு.

சீஸ் கிடைக்கலையா? பாலைத் திரிச்சுக்கலாம். ஒரு லிட்டர் பால் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடவும். துணியில் வடிகட்டி, பாரம் வைக்காமல் விட்டால் மெத்தென்று இருக்கும். புளிப்பில் திரிந்த புரதம் இறுகப் பிணைந்துகொள்வதால் இது மொசரெல்லா மாதிரி உருகாது. கடைசியில் உதிர்த்துப் போட்டால் போதும்.

இரண்டு பேருக்கு 200 கிராம் பாஸ்தா, நாலு நாட்டுத் தக்காளி. தக்காளியைப் பொடியாக நறுக்கி, நசுக்கிய பூண்டு, உப்பு, கொஞ்சம் கடலெண்ணெய், வறுத்து நுணுக்கிய ஒரு முண்டு மிளகாய் சேர்த்து அரைமணி நேரம் வைக்கவும். உப்பு சாற்றை வெளியே இழுத்துவிடும். அதுதான் குழம்பு, அடுப்பே வேண்டாம்.

வெந்த பாஸ்தாவைச் சூட்டோடு அதில் கொட்டி, வடித்த தண்ணி அரைக் கரண்டி விட்டுக் கிளறவும். அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் சாற்றையும் சேர்த்துப் பிடிக்கும். தண்ணி கரித்தால் இதுவும் கரிக்கும். நான் தோற்றது இங்கேதான்.

கஞ்சியைக் கீழே கொட்டாத ஊருக்கு இதெல்லாம் புதுசா என்ன?