கத்திரி வெயிலில் கோழிகளின் தாகம்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சாதாரண நாளிலேயே அதன் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டி இருக்கும். 46, 47-ஐத் தொட்டால் பிழைப்பது அரிது. நாமக்கல், பல்லடம் பக்கம் கத்திரி வெயிலில் தகரக் கூரை காயும்போது, இந்த ஐந்தாறு டிகிரி இடைவெளி ஒரே பகலில் தீர்ந்துவிடும்.

சூடு ஏறினால் கோழி இறக்கையை விரித்து நிற்கும். கொண்டைக்கும் தாடிக்கும் கால்களுக்கும் ரத்தம் கூடுதலாகப் பாயும். கொட்டகைக் காற்றே உடம்பளவு சுட்டால் இதெல்லாம் பலிக்காது. அப்போது வாயைத் திறந்து மூச்சிரைப்பது ஒன்றே வழி. ஒவ்வொரு இரைப்பிலும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகிறது.

பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் கிடைக்காத கோழி, மிச்சமுள்ள நீரைக் காப்பாற்ற மூச்சிரைப்பைத் தள்ளிப்போடும். தாகம் தீர்ந்த கோழி இரைக்கத் தொடங்கும் வெயிலில் தண்ணீர் கிடைக்காத கோழி அமைதியாக நிற்கும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். இரைக்காத கோழி நலமாக இருக்கிறது என்று தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

தின்னும் தீவனத்தின் எடையைப்போல் சுமார் இரண்டு மடங்கு தண்ணீர் கோழிக்கு வேண்டும். கடும் வெயிலில் நான்கு மடங்குகூட ஆகும். தொட்டி வெயிலில் நின்றால் குழாய்த் தண்ணீர் கொதிக்கும், கோழி தொடாது. தொட்டிக்கு நிழலும் கூரைக்குத் தென்னங்கீற்றும் போடுங்கள். செரிமானமும் சூடு தரும் என்பதால், தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கொடுங்கள். விசிறி இல்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்தால் காற்றில் ஈரம் தேங்கி, இரைப்பும் பயனற்றுப்போகும். சுருண்டு விழுந்த கோழியை நிழலில் காற்றோட்டமாக வைத்து, கால்களையும் கொண்டையையும் நனையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

வளர்க்கும் உயிருக்குப் போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் தராதது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். லாரியில் ஏற்றும்போது வெயில் படக்கூடாது என்பதும் விதிதான். கால்நடை மருத்துவ உதவிக்குத் தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

நாளை பகல் 11 மணிக்கு, கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிளில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். சுட்டால், குழாயைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீரை ஓடவிடுங்கள்.