கண்டதைக் குறித்தல் ஓர் அறப்பணி

பறவைகளையும் விலங்குகளையும் உற்று நோக்கும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. திணைக்குரிய கருப்பொருள்களுள் புள்ளையும் விலங்கையும் சேர்த்து எண்ணிய இலக்கணம் நம்முடையது. எனினும், எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை பறவைகள் காணப்பட்டன என எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக வேரூன்றவில்லை. பாடல் பறவையின் இயல்பை உணர்த்தும். அதன் எண்ணிக்கை பெருகிற்றா அருகிற்றா என்பதை உணர்த்தாது. அதனை உணர்த்த வல்லது பதிவேடே. இயற்கை வரலாற்றுக் கழகங்களும் ஊதியம் கருதாத ஆர்வலர்களும் அத்தகைய பதிவேடுகளை உருவாக்கிய வரலாற்றையும், அதனால் விளைந்த பயனையும் ஈண்டுக் காண்போம்.

கழகத்தின் தோற்றம்

1883ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் பம்பாயில் எண்மர் கூடி இயற்கை வரலாற்றுக் கழகம் ஒன்றை நிறுவினர். அவருள் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் ஆகிய இருவரும் இந்திய மருத்துவர்கள். தாம் கண்டவற்றை ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பதும், திரட்டிய மாதிரிகளைக் காட்டி ஆராய்வதுமே அவர்தம் நோக்கம். 1886இல் கழகத்தின் ஆய்விதழ் தோன்றியது. காட்டிலாகா அலுவலர், மருத்துவர், தோட்ட உரிமையாளர், படைவீரர் எனப் பலரும் அதற்குக் குறிப்புகள் அனுப்பினர். தொழில் வேறாயினும், கண்டதைப் பிழையின்றி எழுத வேண்டும் என்னும் பொறுப்பு அவர்களை ஒன்றிணைத்தது எனலாம்.

ஒரு சிறுவனின் ஐயம்

இக்கழகம் நாட்டுக்கு அளித்த பெருங்கொடை சாலிம் அலி (1896-1987). பெற்றோரை இளமையிலேயே இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தவர் அவர். 1908இல் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு வியந்தார். அஃது என்ன பறவை என அறியக் கழகத்தை நாடினார். அதன் செயலர் மில்லார்டு, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என விளக்கி, கழகத்தின் பறவைத் தொகுப்பையும் காட்டினார். சிறுவன்தானே எனப் புறக்கணியாது அவர் விடை கூறியது, ஒரு வாழ்வின் திசையையே மாற்றியது.

பறவையியலில் முறையான பட்டம் பெறாதவர் சாலிம் அலி. ஆயினும், 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது கையேடு வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகள் கொண்ட பெருநூலைப் படைத்தார். 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். இத்துணைப் புகழுக்கும் அடித்தளம் களத்தில் அவர் இடைவிடாது எழுதிய நாட்குறிப்புகளே.

பதிவேடு எழுப்பிய எச்சரிக்கை

இத்தகைய எண்ணிக்கையால் பயன் என்ன என வினவுவோர் உளர். பாறுக் கழுகின் வரலாறே அதற்கு விடை. 'எருவை' எனவும் 'பாறு' எனவும் சங்க இலக்கியம் சுட்டும் பிணந்தின்னிக் கழுகுகள் ஒரு காலத்தில் நாடெங்கும் மலிந்திருந்தன. மலிந்திருந்தமையாலேயே அவற்றை எண்ணுவார் அரிதாயினர். எனினும், பரத்பூரில் இக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1980களில் அவற்றைக் கணக்கிட்டிருந்தனர். 1990களின் பிற்பகுதியில் மீண்டும் கணக்கிட்டபோது பேரழிவு வெளிப்பட்டது. முந்தைய கணக்கு இருந்தமையாலன்றோ பிந்தைய குறைவு ஐயமற விளங்கிற்று!

கால்நடைகளுக்கு வலிநீக்க அளிக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம் என 2004இல் ஆய்வு வெளியாயிற்று. அம்மருந்து ஏற்றப்பட்டு இறந்த மாட்டின் இறைச்சியை உண்ட கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதற்கு இந்திய அரசு தடை விதித்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டது. இன்று தமிழகத்தில் அவ்வினத்தின் முதன்மைப் புகலிடமாக எஞ்சியிருப்பது நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கே.

பதிவேடு அச்சத்தைத் தெளிவிப்பதும் உண்டு. சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவருகிறது எனப் பலரும் கூறிவந்தோம். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, சென்னை முதலிய பெருநகரங்களில் அது குறைந்துவருவதாகவும், நாடு முழுமையும் நோக்கின் ஏறத்தாழ நிலைபெற்றிருப்பதாகவும் காட்டியது. 2023இல் வெளிவந்த அடுத்த அறிக்கைக்கு ஏறத்தாழ 30,000 ஆர்வலர் அளித்த 3 கோடிப் பதிவுகள் அடிப்படையாயின. அவ்வறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது.

பதியும் முறை

நாள், நேரம், இடம், நோக்கிய கால அளவு, பறவையின் பெயர், எண்ணிக்கை, நோக்கியவர் பெயர் ஆகியவை ஒரு பதிவுக்கு இன்றியமையாதன. அரிய பறவையை மட்டும் எழுதுதல் போதாது. காகத்தையும் மைனாவையும் எழுத வேண்டும். நூறு பட்டியல்களுள் எத்தனையில் ஒரு பறவை இடம்பெறுகிறது என்பதை ஆண்டுதோறும் ஒப்பிட்டே அதன் பெருக்கமும் குறைவும் கணிக்கப்படுகின்றன. ஐயமுற்றதை உறுதிபோல் எழுதுதல் கூடாது.

ஹதீஸ் கலையைப் பயின்றோர்க்கு இம்முறை அயலானதன்று. அறிவித்தவர் யார், எவரிடம் கேட்டார், நம்பத்தக்கவரா என ஆராய்ந்தே நம் அறிஞர்கள் செய்திகளை ஏற்றனர். சான்றுரைப்பதில் வாய்மை பேணும் அப்பண்பு இயற்கைப் பதிவுக்கும் உயிர்நாடியாகும்.

நம் கடமை

1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகின்றனர். 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டவற்றையெல்லாம் எண்ணி எழுதினால் அதுவே ஒரு பட்டியல். ஊர்க் குளமும், பள்ளிவாசல் தோப்பும், கபருஸ்தானத்து முதுமரங்களும் இதற்கு ஏற்ற களங்களே.

நம் பெரியோர் முன்பு கண்ட பறவைகளைப் பற்றிக் கூறும்போது நாம் வியந்து கேட்கிறோம், எழுதி வைப்பதில்லை. அவர்கள் மறைந்தபின் அச்செய்தியும் மறைந்துவிடும். மாணவர்கள் அவர்களிடம் கேட்டு, ஊரும் ஏறத்தாழ ஆண்டும் குறித்து எழுதுக. இன்று தாம் காண்பதையும் அதனருகே எழுதுக. நாம் எழுதாது விட்ட பறவை நாளை மறைந்தால், அஃது இங்கு வாழ்ந்தது என்பதற்கும் சான்று இராது. அவ்விழப்பு நேராமல் காக்க ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்.