உங்களுக்குத் தெரியுமா? நெல் கணக்கு படித்த ஜப்பானியர்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு என்றதும் நமக்கு ராஜராஜன் நினைவு வரும். 1933இல் பிறந்த ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபுரு கராஷிமா அதில் தேடியது வேறு: நிலம் யாரிடம் இருந்தது? வரி எவ்வளவு? வரி கட்டியவர் யார்?

அதற்காகவே 1960களின் தொடக்கத்தில் தமிழ்நாடு வந்தார். கல்வெட்டு வாசிப்பைப் பயின்றது ஊட்டியில். மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகம் அப்போது அங்கேதான் இருந்தது.

திருச்சிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் அல்லூர். அதை ஒட்டி அக்காலத்தில் ஈசானமங்கலம். இந்த இரண்டு ஊர்களைப் பற்றி 1966இல் கராஷிமா எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊரான (பிரம்மதேயம்) ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களின் கையில் இருந்தது. பக்கத்து அல்லூரிலோ உழுகுடிகள் ஊராகச் சேர்ந்து வைத்திருந்தார்கள். இந்தியக் கிராமம் என்றால் எங்கும் ஒரே அச்சு, காலகாலமாக மாறாதது என்று ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிவைத்திருந்தார்களே, அதற்கு இந்த ஒரு வாய்க்கால் பாசனப் பகுதியே பதில் சொல்லிவிட்டது. பின்னர், 12, 13ஆம் நூற்றாண்டுகளில் சாதாரண ஊர்களிலும் தனியார் நிலவுடைமை பரவியதை அவர் காட்டினார். எனக்கு அவருடைய ஆய்வுகளிலேயே மிகப் பிடித்தது இதுதான்.

அவர் ஆராய்ந்த தஞ்சைக் கல்வெட்டின்படி, பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் நிலவரி, ஒரு வேலி நிலத்துக்கு ஏறக்குறைய 100 கலம் நெல். நிலத்தை முந்திரி (வேலியில் 320இல் ஒரு பங்கு), அதற்கும் கீழான பின்னம்வரை அளந்திருக்கிறார்கள். வரியில்லாத இடங்களின் பட்டியலும் உண்டு: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு. கூடவே கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி, பறையர் வாழ்ந்த பறைச்சேரி. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே யார் எங்கே தள்ளிவைக்கப்பட்டிருந்தார்கள் என்பதும் அந்த வரிக்கணக்கிலேயே இருக்கிறது. மன்னர்களின் வெற்றிகளை மனப்பாடம் செய்த நாம் இதையும் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் 1978இல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். பெயரே ஆளின் நிலையைக் காட்டிவிடும்: ஊர்ப்பெயரோடு 'உடையான்' வந்தால் பெரும்பாலும் அவர் நிலமுள்ளவர். அரசன் தந்த 'மூவேந்தவேளான்' பட்டம் வந்தால் அரசாங்கத்தில் செல்வாக்குள்ளவர்.

1995இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர் கராஷிமாதான்.

2013இல் பத்மஸ்ரீ. உடல்நிலை காரணமாக அவரால் டெல்லி வர முடியவில்லை. டோக்கியோ சென்ற பிரதமர் மன்மோகன் சிங் அங்கேயே விருதை வழங்கினார். 2015இல் கராஷிமா காலமானார்.