சிறுவாட்டுக் காசும் நம் கல்லாவும்

"அம்பது உளுந்து, பத்து ரூபாய்க்குப் புளி, ஷாம்பு பாக்கெட் நாலு." சாயங்கால நேரத்தில் கடை முன்னால் நின்று இப்படிக் கேட்கிற அம்மாளை நம்மில் தெரியாதவர் யாரும் இல்லை. மூட்டை அரிசி வாங்க வந்தவருக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறோம். இந்த அம்மாளை "இரும்மா, வர்றேன்" என்று நிற்க வைக்கிறோம். மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்ட நாமும் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஐம்பது கிராம் வாங்குகிறவர் கையில் காசில்லாதவர், அவரால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று.

அது பாதிதான் சரி. ஐம்பது கிராமாக வாங்குவதே பல வீடுகளில் ஒரு சிக்கன முறை. டப்பா நிறைய உளுந்து இருந்தால் கை தாராளமாகப் போகும். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாலும் இல்லையென்று சொல்ல முடியாது. அன்றைக்கு வாங்கியது அன்றைக்கே தீர்ந்துவிட்டால் வீணாவதும் இல்லை, வண்டு விழுவதும் இல்லை. காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் வருமானம் கடலுக்குப் போன அன்றைக்குத்தான் வரும். நெடுங்காடு பக்கத்தில் நடவும் அறுப்பும் இருந்தால்தான் கூலி. வரவு நாள் கணக்கில் இருக்கும்போது செலவை மட்டும் மாதக் கணக்கில் வைக்க எப்படி முடியும்?

ஆனால் ஐம்பது கிராமில் நம் பக்கம் ஒரு குறை இருக்கிறது, அதை நாமே சொல்லிக்கொள்வது நல்லது. 30 கிலோ நிறுக்கும் பெரிய எலக்ட்ரானிக் தராசில் பெரும்பாலும் எண் 5 கிராம் 5 கிராமாகத்தான் நகரும். ஒரு கிலோவில் 5 கிராம் குறைந்தால் நூற்றுக்கு அரை. ஐம்பது கிராமில் அதே 5 கிராம் குறைந்தால் நூற்றுக்குப் பத்து! போதாததற்குப் பொட்டலக் காகிதத்தையும் சேர்த்து நிறுத்தால், வாங்குகிறவர் உளுந்து விலையில் காகிதம் வாங்கிப் போகிறார். சில்லறை நிறைய விற்கும் கடையில் ஒரு கிராம் காட்டுகிற சின்னத் தராசு தனியாக ஒன்று இருக்க வேண்டும், அதற்கும் வருடா வருடம் முத்திரை போட வேண்டும். இதைச் செய்த கடைகளுக்கு ஆள் சேர்ந்ததை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். பொட்டலத்தை வீட்டில் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுகிற பெண்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

சின்ன அளவில் வாங்குகிறவர்கள் எப்போதும் நஷ்டப்படுகிறார்கள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எல்லாச் சரக்குக்கும் அது பொருந்தாது. கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிற ஷாம்புவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் 5 மில்லி இருந்தால் 100 மில்லிக்கு இருபது ரூபாய் ஆகிறது. அதே ஷாம்பு 100 மில்லி பாட்டில் என்ன விலை என்று உங்கள் அலமாரியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சரக்கில் பாக்கெட் வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர். காபித்தூளிலும் தேயிலையிலும் சமையல் எண்ணெயிலும் கணக்கு திரும்பிவிடும். அங்கே சின்னப் பாக்கெட்டுக்குக் கிராம் விலை கூடத்தான் வரும். பொதியப்பட்ட பண்டங்கள் விதிகளை 2021-ல் திருத்தி, பாக்கெட்டின் மேல் ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ விலையையும் அச்சிட வேண்டும் என்று வைத்தார்கள். அந்த எண் இருப்பது வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரியாது. கேட்கிறவர்களுக்கு நாம் காட்டலாம்.

இந்தப் பாக்கெட் வியாபாரம் பிறந்தது வெளிநாட்டுக் கம்பெனியில் இல்லை, நமக்கு வடக்கே கடலூரில். அங்கே சின்னிகிருஷ்ணன் என்பவர் பெரிய டப்பாவில் விற்கிற சரக்கைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை எளியவரும் வாங்கும்படி செய்ய முயன்றார். அவர் குடும்பத்திலிருந்துதான் வெல்வெட் ஷாம்பு பாக்கெட் வந்தது. மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் தனியே பிரிந்து, 15,000 ரூபாய் முதல் போட்டு 1983-ல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று அவர்கள் அறிவித்தபோது, குப்பையில் கிடந்ததைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார்கள். பெரிய கம்பெனிகள் பின்னால்தான் விழித்துக்கொண்டன.

அரிசியில் வேறு விதமான சிக்கனம் நடக்கிறது. 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் போனால் வரி இல்லை. உடனே ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு சிப்பம் எடுத்து ஆளுக்கு 13 கிலோ பிரித்துக்கொள்வதை இப்போது சகஜமாகப் பார்க்கிறோம். கடையிலேயே நிறுத்துப் பிரித்துக் கொடுங்கள் என்றால் முகம் கோணாமல் கொடுக்க வேண்டும். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கிற அரிசிக்கும் வரி இல்லை என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லலாம்.

காரைக்கால்காரர்களுக்கு எல்லையே ஒரு சேமிப்பாக இருந்த காலமும் உண்டு. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. விற்பனை வரி வித்தியாசத்தால் நாகூரிலிருந்தும் பொறையாறிலிருந்தும் மிக்ஸியும் டி.வி.யும் வாங்க இங்கே வருவார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் கூட்டம் கரைந்துவிட்டது. இன்றைக்கு மிச்சம் இருப்பது பெட்ரோல் பங்க்கும் மதுக்கடையும்தான். முன்னதில் குடும்பத்துக்கு நாலு காசு மிஞ்சுகிறது. பின்னதைப் பற்றி எழுத வேண்டியதில்லை, ஆனால் நாம் சொல்லப்போவதற்கு அதுதான் காரணம்.

குடிக்கிற கணவன் உள்ள வீட்டில் பெண் எப்படிக் காசு சேர்ப்பாள்? அதற்குத் தமிழில் நல்ல சொல்லே இருக்கிறது: சிறுவாடு. உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது நம் தாய்மார் காலத்து முறை. மாதக் கடைசியில் அந்தப் பானை இரண்டு நாள் சோறு போடும். காசைக் கடுகு டப்பாவிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் வைப்பார்கள். நம் ஊர் அம்மையாரும் வணிகர் வீட்டுப் பெண்தான். இரண்டு மாம்பழத்துக்குக் கணவன் கணக்குக் கேட்ட கதையை ஒவ்வொரு மாங்கனித் திருவிழாவிலும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். வீட்டுக் கணக்கின் பாரம் யார் தலையில் என்று புரிந்துகொள்ள நமக்குத்தான் நாளாயிற்று.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது கடலோரக் குப்பங்களில் டப்பாவில் இருந்த காசும் டப்பாவோடு போயிற்று. பிறகு 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். மறுநாள் காலையில் நம் மண்டிக்கு வந்த பெண்களை மறக்க முடியாது. நாலாய் மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு, மஞ்சள் வாசனையோடு. "அண்ணே, வீட்டுக்காரருக்குத் தெரியாது. மாத்திக் குடுங்க" என்றார்கள். வங்கியில் போட்டால் பாஸ்புக்கில் தெரிந்துவிடும் என்பது அவர்கள் பயம். நம்மால் மாற்றிக் கொடுக்க முடியவில்லை. வரிசையில் போய் நின்று கணவன்மாரிடம் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பல வருடச் சிறுவாடு ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இப்போது செல்போனில் பணம் வருகிறது, போகிறது, சௌகரியம்தான். ஆனால் செல்போன் பணத்தை ஒளித்து வைக்கக் கடுகு டப்பா கிடையாது.

இதனால்தான் பலர் காசை நம்மிடமே கொடுத்து வைக்கிறார்கள். "உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே, தடைக்காலத்துல சாமானா எடுத்துக்கிறேன்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதத்துக்காக மாசி, பங்குனியிலிருந்தே நூறும் இருநூறுமாகக் கொடுத்து வைக்கிற குடும்பங்களை நாம் அறிவோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இதே போல. மளிகைக்கடைக்காரர் இங்கே ஒரு வங்கிக்காரர் ஆகிவிடுகிறார். இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1928-லேயே உடுப்பியில் டி.எம்.ஏ. பாய் தம் வங்கியின் ஆட்களை வீடு வீடாக அனுப்பி, தினம் இரண்டணா வாங்கிச் சேர்க்கும் பிக்மி டெபாசிட் முறையை ஆரம்பித்தார். அந்தச் சிண்டிகேட் வங்கி 2020-ல் கனரா வங்கியோடு சேர்ந்துவிட்டது. சின்னக் காசை வாசலில் வந்து வாங்குகிறவனிடம்தான் மக்கள் கொடுப்பார்கள் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

ஆனால் வங்கிக்குச் சட்டம் இருக்கிறது. நமக்கும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நம் வட்டாரத்தில் ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்தினார். மாதம் ஐம்பது ரூபாய்; முடிவில் எண்ணெய், சர்க்கரை, மைதா, பட்டாசு, ஒரு எவர்சில்வர் பாத்திரம். சாமான் எல்லாம் நம் மண்டியில்தான் எடுக்கப்போவதாகச் சொல்லியே வசூல் செய்திருக்கிறார். அவர் நம் பெயரைச் சொல்வது நமக்குத் தெரியும். வியாபாரம் வருகிறதே என்று பேசாமல் இருந்தோம், அதுதான் தப்பு. புரட்டாசியில் ஆளைக் காணோம். நம் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒரு பைசா நாம் வாங்கவில்லை என்று சொன்னோம். "உங்க பேரச் சொல்லித்தானே வாங்கினாரு" என்றார்கள். அதற்குப் பதில் இல்லை. நம்மிடம் மூட்டை தூக்குகிற ஐந்தாறு பேர் வீட்டுக்கு மட்டும் சாமான் கொடுத்தோம், மற்றவர்களுக்குக் கொடுக்க முடியவில்லை. அந்தத் தீபாவளிக்கு நாம் கடைத்தெரு வழியாகப் போகவே இல்லை.

இன்றைய சட்டம் அதைவிடக் கடுமை. சீட்டு நடத்துவதென்றால் 1982-ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதியும் பதிவும் வேண்டும். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, அப்படிப்பட்ட திட்டத்தில் பணம் வாங்கினாலே 2 முதல் 7 வருடம் வரை சிறை, 3 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். பணம் கட்டச் சொல்லி ஆள் சேர்த்தாலும் தண்டனை தனியாக உண்டு. நம் பெயரைப் பயன்படுத்த இன்னொருவருக்கு இடம் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே சட்டம் நேர்மையான வியாபாரத்துக்கு வழி விட்டிருக்கிறது. நாம் விற்கிற சரக்குக்காக, நம் வியாபாரத்தின் போக்கிலேயே வாங்குகிற முன்பணம் வைப்புத்தொகை ஆகாது. சரக்குக் கொடுக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்ப வேண்டிய நாள் வந்தும் 15 நாளில் கொடுக்கவில்லை என்றால் அதுவும் வைப்புத்தொகையாகிவிடும். வட்டி, போனஸ், தங்கக்காசு, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று எது நுழைந்தாலும் அது முன்பணம் என்ற எல்லையைத் தாண்டிய மாதிரிதான். கொஞ்சம் பெரிய அளவில் செய்கிறவர்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

நம் கடையில் இப்போது வைத்திருக்கிற முறையைச் சொல்கிறோம். முன்பணத்துக்குத் தனி நோட்டு, கல்லாக் கணக்கோடு கலப்பதில்லை. வாடிக்கையாளர் கையில் ஒரு சின்ன அட்டை. ஒவ்வொரு தடவையும் தேதி, தொகை, நம் கையெழுத்து இரண்டிலும் ஏறும். அட்டையை வீட்டில் வைக்க முடியாது என்கிற பெண்களுக்கு அட்டையும் நம் கடையிலேயே இருக்கும். பெயருக்குப் பதில் எண் மட்டும் போட்டிருப்போம். கணவரோ மாமியாரோ வந்து கேட்டால் அந்தம்மாள் இல்லாமல் கணக்குச் சொல்வதில்லை. இதனால் நாலு பேர் நம்மோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள், வரட்டும். அந்தப் பணத்தைக் கொள்முதலுக்குப் புரட்டுவதும் இல்லை. மாதம் ஒரு தடவை வங்கியில் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறோம். சரக்கு எடுக்கிற அன்றைய விலைதான். ஆறு மாதத்துக்கு முன்னால் விலை பேசி மாட்டிக்கொள்ள வேண்டாம். முழுதும் எடுத்து முடித்ததும் நோட்டில் கையெழுத்து வாங்குகிறோம். கைநாட்டு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டாம்ப் பேடு ஒன்று கல்லாவில் காயாமல் இருக்க வேண்டும்.